ஓய்வு: ஒன்பது மணி பத்து நிமிடம்

நவம்பர் 4, திங்கள்

இன்று என் வண்டியில் ஒரு பெட்டி மாட்டினார்கள். டிபன் டப்பா அளவுதான். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் எப்போது வண்டியை எடுத்தேன், எப்போது நிறுத்தினேன், எப்போது கொட்டாவி விட்டேன் என்று ஒன்று விடாமல் எழுதுமாம். பத்து மணி நேரம் ஓட்டினால் சிவப்பு விளக்கு. எட்டு மணி நேரம் ஓய்வு எடுத்தால்தான் மறுபடி பச்சை. சிவப்பில் வண்டியை எடுத்தாலோ, ஓட்டும்போது கண்ணை மூடினாலோ, அடுத்தவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தாலோ ஒரு சிவப்புக்குறி. மூன்று குறி விழுந்தால் ஒரு மாதம் ஸ்டியரிங் கிடையாது.

தூங்கி வண்டியைக் கவிழ்க்கிறவர்களுக்காக என்றார் முதலாளி. நல்ல காரியம்தான், யார் வேண்டாமென்றது? என் வண்டியில் எதற்கு என்றுதான் கேட்டேன். இருபத்தாறு வருசமாக ஓட்டுகிறேன், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. "செங்கோட்டுவேலு, எல்லா வண்டிக்குந்தான். சும்மா குதிக்காத" என்றுவிட்டார்.

சரி, அது என்னைப் பற்றி எழுதட்டும். நானும் அதைப் பற்றி எழுதுகிறேன். மகளுக்குப் பாங்கில் கொடுத்த டைரி பத்து மாதமாக வெறுமனே கிடக்கிறது. எடுத்து சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 7, வியாழன்

கர்நாடகத்தில் சிராவைத் தாண்டும்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். தூக்கிவாரிப் போட்டது.

"வணக்கங்ணா. கன்ட்ரோல் ரூம் கோகிலவாணி பேசறன். இப்ப ஒரு கொட்டாவி விட்டீங்க. ஓரங்கட்டி ஒரு டீ குடிச்சுட்டு வாங்ணா."

"ஏங்கண்ணு, கொட்டாவி விடறதுக்கும் பர்மிசன் வாங்கோணுமா?"

"பர்மிசன் வேண்டாங்ணா, டீ போதும்."

என் மகளைவிட நாலு வயது மூத்தவளாக இருப்பாள். அவள் எனக்கு டீ குடிக்கச் சொல்லித் தருகிறாள்!

தொப்பூர் இறங்குவதற்கு முன்னால் முனியப்பன் கோயில் வந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டேன். எப்போதும் கும்பிடுவதுதான். தூங்கிவிட்டேன் என்று குறி போட்டுவிட்டது சனியன். சாமி கும்பிட்டதை எடுத்துச் சொன்னேன். "வர்ற வழில அஞ்சு கோயில்ல கும்பிட்டீங்க, எல்லாம் அரை செகண்டு. இங்க மட்டும் நாலு செகண்டுங்ணா" என்றாள். முனியப்பன் பெரிய சாமி, அவருக்கு அவ்வளவு கும்பிட வேண்டும்.

அதற்கு முன்னால் இன்னொரு வேடிக்கை. கிருஷ்ணகிரி 40 என்ற கல்லைப் பார்த்தேன். அடுத்துப் பார்த்த கல் 36. நடுவில் இருந்ததையெல்லாம் ரோட்டு வேலைக்குப் பிடுங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

சாயங்காலம் பிள்ளையார் படத்துக்குப் பூ வாங்கும்போது மாலையைக் கொஞ்சம் நீளமாகவே வாங்கிக் கட்டினேன். அது பெட்டியின் கேமரா மேல் பாதி விழுகிறது. பூ அது பாட்டுக்குத் தொங்குகிறது, நான் என்ன செய்ய முடியும்?

நவம்பர் 10, ஞாயிறு

தீவன ஆலை வாசலில் வரிசை. ராணிபென்னூரில் மக்காச்சோளம் ஏற்றி வருகிற வண்டிகள் எல்லாம் இங்கே நின்றாக வேண்டும். மூட்டையில் குத்தி மாதிரி எடுத்து, ஈரப்பதம் பார்த்து, எடைமேடையில் ஏற்றி, அப்புறம்தான் இறக்குவார்கள். சீசனில் ஐம்பது வண்டிக்குக் குறையாது. கால் மணிக்கு ஒரு தரம் ஒரு வண்டி நீளம் நகரும். அப்போது நகராமல் தூங்கினால் பின்னால் இருப்பவன் முந்திப் போய்விடுவான். அதைப் பற்றிச் சண்டை போடவும் முடியாது, வரிசையின் சட்டம் அது. நானும் எத்தனையோ பேரை முந்தியிருக்கிறேன்.

அதற்காக ஜோடி போட்டுக்கொள்வோம். ஒருவன் தூங்குவான், மற்றவன் இரண்டு வண்டியையும் நகர்த்துவான். மூன்று மணி நேரம் கழித்து மாற்றிக்கொள்வோம். என் ஜோடி சீரங்கன். என் மனைவி ரங்கநாயகியின் தம்பி, எங்கள் கம்பெனியிலேயே ஓட்டுகிறான். பதினைந்து வருசமாக இப்படித்தான் அவனும் நானும் உறங்கியிருக்கிறோம்.

இன்று அவனைப் படுக்கச் சொல்லிவிட்டு அவன் வண்டியில் ஏறி என்ஜினைப் போட்டேன். பெட்டி அலறியது பாருங்கள், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முகம் மாறிவிட்டதாம். மாறிய முகம் யாருடையது என்றும் அதற்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாவது குறி என் பேரில்.

"பதனஞ்சு வருசமா நானும் சொல்றன், உங்க மூஞ்சியப் பாத்தா பயமா இருக்குதுன்னு. இப்ப பெட்டியே கத்துது பாருங்க மச்சா" என்று சீரங்கன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்புறம் இருவருமே தூங்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

வீடு. குளியலறைக் குழாயை மாற்றினேன். சிலிண்டர் தூக்கி வந்தேன். சாப்பிடும்போது கோகிலவாணி போன் செய்தாள்.

"ஆலைல எட்டேகால் மணி நேரம் ரெஸ்ட் எடுத்துருக்கீங்க. வெரிகுட்ங்ணா!"

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டேன். ரெஸ்டா? கால் மணிக்கு ஒரு தரம் என்ஜினைப் போட்டு, கியரைப் போட்டு, நகர்த்தி, அணைத்து, முன்னால் இருப்பவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பெயர் ரெஸ்டா?

"நூறு மீட்டருக்குள்ள நகந்தா ஓட்டுன கணக்கில்லீங்ணா. சாப்ட்வேர் அதை ரெஸ்ட்டுனுதான் எடுத்துக்கும்."

"அடுத்த தடவ ஒவ்வொரு நகத்தலையும் நேரம் போட்டு எழுதிட்டு வர்றன். உன்ற சாப்ட்வேர் மொகத்துல வீசறன் பாரு" என்று கத்தினேன். ரங்கநாயகி குறுக்கே வந்து, "அந்தப் புள்ளகிட்ட ஏனுங்க பாயறீங்க? எலை காயுது" என்றாள்.

நவம்பர் 16, சனி

மழை. தார்ப்பாய்க் கிழிசலைத் தைத்தேன். பெட்டியோடு பேச்சுவார்த்தை இல்லை.

நவம்பர் 20, புதன்

6.05 வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் சீரங்கன். பத்து மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறோம், இரண்டு பெட்டியும் சிவப்பு.
6.20 நகர்ந்தோம்.
6.41 நகர்ந்தோம்.
6.55 நகர்ந்தோம். இட்லி வாங்கப் போனவன் பாதியில் ஓடி வந்தேன்.
7.18, 7.30, 7.52 நகர்ந்தோம். எழுத்தெழுத்தாக எழுதிக் காட்டுகிறேன் அவளுக்கு.
8.09, 8.22, 8.40, 9.01 நகர்ந்தோம்.
9.10 சீரங்கன் இறங்கி வந்தான். கண் ரத்தச் சிவப்பு. ராணிபென்னூரில் லோடு ஏற்றும்போதும் அவன் தூங்கவில்லை, மூட்டை எண்ணிக்கையில் தகராறு. "மச்சா, ஒரு ரெண்டு மணி நேரம் என் வண்டியையும் நகத்திக் குடுங்க. முடியல" என்றான். பெட்டி இருக்கிறதே என்றேன். எனக்கு ஏற்கெனவே இரண்டு குறி. "அதும் சரிதான்" என்று போய்விட்டான்.
9.16, 9.33, 9.50, 10.04, 10.21 நகர்ந்தோம். வெயில்.
10.38, 10.52, 11.10, 11.24, 11.43 நகர்ந்தோம்.
11.58, 12.12, 12.25 நகர்ந்தோம்.
1.35 நகர்ந்தோம். நடுவில் ஒரு மணி நேரம் வரிசை அசையவில்லை போலிருக்கிறது.
1.51, 2.05 நகர்ந்தோம். 2.05-க்குப் பெட்டி பச்சை காட்டியது. எட்டு மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டோமாம்! சிரிப்பதா அழுவதா?
2.20, 2.33, 2.50, 3.02, 3.15. எடைமேடை.

மொத்தம் முப்பத்தொரு முறை. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

4.30-க்கு இரண்டு வண்டியும் காலி. பெட்டி பச்சையாக இருப்பதால் சேலம் போய் ஜவ்வரிசி ஏற்றச் சொல்லி ஆபீசிலிருந்து போன். சீரங்கன் 4.40-க்குக் கிளம்பினான். என் வண்டியில் ஒரு டயர் காற்று இறங்கியிருந்ததால் நான் பஞ்சர் கடையில் நின்றுவிட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால், ராசிபுரம் தாண்டி, சீரங்கன் வண்டி நடுத்தடுப்பில் ஏறிக் கவிழ்ந்துவிட்டது. அவன் உயிருக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் மொபெட்டில் போனவருக்குக் கை முறிந்துவிட்டது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

நவம்பர் 23, சனி

ஆஸ்பத்திரி. சீரங்கனுக்குத் தோள் எலும்பு முறிவு. கட்டுப் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மொபெட்காரர் எப்படி இருக்கிறார் என்றே கேட்டுக்கொண்டிருந்தான்.

கம்பெனியிலிருந்து போலீசுக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் ஒரு பக்கத் தாள் போயிருக்கிறது. பெட்டி கொடுத்த தாள். 'ஓய்வு: ஒன்பது மணி பத்து நிமிடம்' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அத்தனை நேரம் ஓய்வெடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் தூங்கினான் என்றால், ஓய்வு நேரத்தில் வேறு ஏதோ செய்திருக்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். லைசென்சை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று நோட்டீஸ் வந்துவிட்டது. டிசம்பர் 12 விசாரணை. சீரங்கனுக்கு நாற்பத்துநாலு வயது, ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்ததில்லை.

திரும்பும்போது பஸ்சில் ரங்கநாயகி, "நீங்களும் கூடத்தான இருந்தீங்க? அவன் தூங்குனானா இல்லையா?" என்று கேட்டாள். ஜன்னல் வழியே தூசி வந்தது. கண்ணாடியை இழுத்து மூடினேன்.

நவம்பர் 29, வெள்ளி

மொபெட்காரரைப் பார்க்க ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். பெரியண்ணன் என்று பெயர், ஜவ்வரிசி மில்லில் வேலை. திட்டுவார் என்று நினைத்துப் போனேன். உட்காரச் சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். நடந்ததையெல்லாம் கேட்டார். வரிசையைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப அவுரு தூங்கிட்டாரா, இல்ல அவுர யாரும் தூங்க விடலீங்களா?" என்றார்.

மோரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மனிதர் நல்ல மனிதர். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 4, புதன்

கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். கோகிலவாணியை முதன்முறையாக நேரில் பார்க்கிறேன். என் டைரியை அவள் மேசையில் வைத்து நவம்பர் 20-ஐத் திறந்து காட்டினேன். வாசித்துக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, பெட்டி எங்களுக்கு அனுப்பறது சுருக்கம். உள்ள முழுப் பதிவு இருக்குது. ஒவ்வொரு தடவ என்ஜின் போட்டதும் அதுல இருக்கோணும். ஆனா நானா எடுத்துக் குடுத்தா என் வேல போயிருங்ணா. விசாரணைல அதிகாரி கேட்டா குடுத்தே ஆகோணும். அவங்களக் கேக்க வைங்க."

"பெட்டி பொய் சொல்லாதா?"

"பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்ணா. சுருக்கம் எழுதறவங்கதான் விட்டுடறாங்க."

இத்தனை நாள் அந்தப் பெட்டியைத் திட்டியதில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கொஞ்சம்தான்.

டிசம்பர் 8, ஞாயிறு

காலையில் டைரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதிகாரியிடம் இதைக் கொடுத்தால் முழுதாகப் படிப்பார். முனியப்பன் கோயில், மாலை, மைல்கல் எல்லாம் படிப்பார். 9.10-ஐயும் படிப்பார். 20-ஆம் தேதியை மட்டும் வேறு தாளில் பார்த்து எழுதிக் கொடுத்தால் என்ன? 9.10-ஐ விட்டுவிட்டு எழுதினால் யாருக்குத் தெரியும்? எழுதவும் ஆரம்பித்தேன்.

ரங்கநாயகி காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வந்து டைரியை வாங்கிப் படித்தாள். 9.10 வந்த இடத்தில் விரலை வைத்தாள். அங்கேயே வைத்திருந்தாள்.

"அவன் கேட்டானா?"

"கேட்டான்."

"இதச் சொல்லலியே அவன். எங்கிட்டக்கூடச் சொல்லலியே." அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. என்ன செய்ய, வந்ததுதான். இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் அவன் வண்டியை நகர்த்தியிருந்தால் எனக்கு ஒரு மாதம் வேலை போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும். அதற்காக என் மச்சினனைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

பார்த்து எழுதிய தாளை அவளே கிழித்து அடுப்படிக் குப்பையில் போட்டாள். "டைரிய அப்படியே குடுங்க. பாதி உண்மை சொன்னீங்கன்னா அந்தப் பெட்டிக்கும் உங்களுக்கும் என்னுங்க வித்தியாசம்?"

டிசம்பர் 12, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு அம்மா. முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரு பக்கம் முதலாளி, கையில் ஒரு பக்கத் தாள். பக்கத்தில் லேப்டாப்புடன் கோகிலவாணி. இந்தப் பக்கம் தோளில் கட்டோடு சீரங்கன். பின்னால் நான். பெரியண்ணனும் கைக்கட்டோடு வந்திருந்தார்.

முதலாளி தாளை வாசித்தார். ஒன்பது மணி பத்து நிமிடம் ஓய்வு. அதிகாரி சீரங்கனைப் பார்த்து, "இதற்கு மேல் என்ன ஓய்வு வேண்டும் உங்களுக்கு?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, நான் பேசலாமுங்களா?" என்று எழுந்தேன். யார் என்றார். அவனுக்குப் பின்னால் நின்ற வண்டி என்றேன். டைரியை மேசையில் வைத்தேன். பெட்டிக்குள் முழுப் பதிவு இருக்கிறது, அதை எடுக்கச் சொல்லுங்கள், இதோடு ஒத்துப் பாருங்கள், ஒரு நிமிடம் பொய்யாக இருந்தாலும் என் லைசென்சையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. என் குரல் எப்போதும் அப்படித்தான்.

முதலாளி ஏதோ சொல்ல வந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "அந்தப் பதிவு இங்கே இருக்கிறதா?"

"இருக்குதுங்க மேடம்" என்றாள் கோகிலவாணி, அவர் கேட்டு முடிப்பதற்குள்.

"ஒவ்வொன்றாக வாசியுங்கள். நீங்களும் வாசியுங்கள்."

சீரங்கனின் பெட்டியிலிருந்து அவள் வாசித்தாள். டைரியிலிருந்து நான் வாசித்தேன்.

"6.20."
"6.20-ங்க."
"6.41."
"6.41."
"6.55."
"6.55. இட்லி வாங்கப் போனப்ப."

முதல் பத்து வரைக்கும் முதலாளி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து தாண்டியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பெண் ஒரு எண் சொல்கிறாள், நான் ஒரு எண் சொல்கிறேன், இரண்டும் ஒன்று. நான் ஆத்திரத்தில் கிறுக்கியதும் பெட்டி தானாக எழுதியதும் ஒன்று!

நடுவில் 9.10 வந்தது. பெட்டியில் அந்த நேரத்துக்கு ஒன்றும் இல்லை. நான் தாண்டிப் போயிருக்கலாம். வாசித்தேன். சீரங்கன் கேட்டதையும் நான் மாட்டேனென்றதையும் அப்படியே வாசித்தேன். சீரங்கன் திரும்பிப் பார்த்து, "மச்சா, அத ஏன் மச்சா..." என்றான். "சும்மா இரு மாப்ள" என்று மேலே போனேன்.

"12.25."
"12.25."
"12.41" என்றாள் அவள்.

என் டைரியில் அடுத்தது 1.35. இல்லை என்றேன்.

"1.03. 1.19. அப்பறம்தாங்ணா 1.35."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணு இடிக்குதே" என்றார். வரிசை நகரவில்லை என்றல்லவா எழுதியிருக்கிறேன்?

அதிகாரி கேட்டார்: "அந்த நேரத்தில் உங்கள் வண்டி நகர்ந்ததா?"

கோகிலவாணி என் வண்டியின் பதிவைத் திறந்தாள். அவள் முகம் மாறிவிட்டது. "நகந்துருக்குதுங்க மேடம். இவரு வண்டியும் அந்த மூணு தடவையும் நகந்துருக்குது. 12.41, 1.03, 1.19."

என்ஜினைப் போட்டு, கியரைப் போட்டு, நகர்த்தி, அணைத்திருக்கிறேன். மூன்று தரம். எனக்கு நினைவே இல்லை.

"அம்மா," என்றேன், "நான் தூங்கிட்டேதான் ஓட்டியிருக்கறனுங்க. எனக்கே இப்பத்தான் தெரியுது. முன்னாடி வண்டி நகந்தா கை தானா சாவியத் திருப்பிருமுங்க, இருபத்தாறு வருசப் பழக்கம். அதையும் பெட்டி ரெஸ்ட்டுனுதான் எழுதியிருக்குது. முன்னப் பக்கத்தையும் பாருங்க. மூணு மைல்கல்லக் காணோம்னு எழுதியிருக்கறன். கல்லு அங்கதான் இருந்துருக்கும். மாலைய வெச்சுக் கேமராவ மறச்சதும் நான்தானுங்க. என்னைய என்ன வேணாப் பண்ணுங்க. ஆனா இவனுக்கு ஒம்பது மணி நேரம் ஓய்வு குடுத்தோம்னு மட்டும் எழுதாதீங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பெரியண்ணன்தான் பின்னாலிருந்து, "அம்மா, எனக்கு அவுரு மேல கோவமில்லீங்க. அவுர நகத்திட்டே இருந்தவங்க மேலதான் கோவம்" என்றார்.

தீர்ப்பு மூன்று மணிக்கு. லைசென்ஸ் ரத்து இல்லை. முப்பத்துநாலு முறை வண்டியை எடுத்தவன் ஓய்வில் இருந்ததாகக் கொள்ள முடியாது. அவனை அன்று வண்டியை எடுக்கச் சொன்னது தவறு. பெட்டியின் கணக்கைக் கம்பெனி திருத்த வேண்டும். வரிசையில் ஒரு முறை என்ஜினைப் போட்டாலும் ஓய்வு முதலிலிருந்து தொடங்க வேண்டும். தோள் சரியாகி டாக்டர் சான்று கொடுத்ததும் சீரங்கன் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். எனக்கு மூன்றாவது குறி, ஒரு மாதம் ஸ்டியரிங் கிடையாது, டாக்டரைப் பார்த்துத் தூக்கத்துக்குச் சோதனை செய்துகொள்ள வேண்டும். கொடுங்கள், எத்தனை குறி வேண்டுமானாலும் கொடுங்கள்!

வெளியே வந்ததும் சீரங்கனைக் கேட்டேன், "நான் மாட்டேன்னத ஏண்டா யாருகிட்டயும் சொல்லல?"

"உங்களுக்கு ரெண்டு குறி இருந்துச்சே மச்சா" என்றான்.

நல்ல தோளின் பக்கமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில், எல்லோரும் பார்க்க.

டிசம்பர் 13, வெள்ளி

ஒன்பது மணி வரை தூங்கினேன். ரங்கநாயகி இரண்டு முறை வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாளாம்.

டிசம்பர் 18, புதன்

சும்மா இருக்க வேண்டாம் என்று முதலாளி என்னைக் கன்ட்ரோல் ரூமில் உட்கார வைத்துவிட்டார். விசாரணைக்குப் பிறகு அவரும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி. "ஒரு தாள நம்பி ஒருத்தன் பொழப்பக் கெடுக்கப் பாத்தனப்பா" என்றார்.

கோகிலவாணி சொல்லிக் கொடுத்தபடி இன்று மைக்கைப் பிடித்து ஒரு டிரைவரிடம், "கொட்டாவி விட்டியே, ஓரங்கட்டி டீ குடி" என்றேன். பதிலுக்கு அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. கோகிலவாணி சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

சோதனையில், தூக்கத்தில் எனக்கு மூச்சு தடைப்படுகிறது என்றார் டாக்டர். எட்டு கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார். அதுவரை மூக்கில் மாட்ட ஒரு கருவி. வீட்டிலும் ஒரு பெட்டி!

ஜனவரி 8, புதன்

இன்று நடந்ததைக் கல்வெட்டில் வெட்ட வேண்டும்.

பெட்டியின் கணக்கை நேற்று திருத்தினார்கள். முதலாளி சொல்லி இன்னும் நாலு கம்பெனிக்காரர்களும் திருத்திவிட்டார்கள். காலை எட்டு மணிக்குத் தீவன ஆலை வரிசையில் நின்ற பதினேழு வண்டியும் இந்த ஐந்து கம்பெனிகளுடையவை. எல்லாம் பத்து மணி நேரம் ஓடி வந்தவை, எல்லாம் சிவப்பு. வரிசை நகர வேண்டும், ஆனால் யாரும் என்ஜினைத் தொடவில்லை. தொட்டால் குறி. டிரைவர்கள் அத்தனை பேரும் கேபினில் காலை நீட்டிப் படுத்துவிட்டார்கள். பின்னால் இருப்பவன் முந்தலாமென்றால் முந்துகிறவனுக்கும் சிவப்பு.

ஒன்பது மணிக்கு ஆலை மேனேஜர் போனில் கத்தினார். போனை எடுத்தது நான்.

"என்னய்யா, ஒரு வண்டியும் நகர மாட்டேங்குது?"

"பெட்டி செவப்புங்க."

"நாலு அடி நகத்தச் சொல்லுய்யா!"

"நாலு அடி நகத்துனா மறுபடி எட்டு மணி நேரம் செவப்புங்க. அதிகாரி உத்தரவு."

"பெட்டிய அணைச்சுட்டு நகத்தச் சொல்லு!"

"அது நம்ம பேச்சக் கேக்காதுங்க. மனுசனா இருந்தா மெரட்டலாம். பெட்டிய என்னன்னு மெரட்டுவீங்க?"

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் குனிந்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு ஆலைக்குள் சோளம் தீர்ந்து எந்திரம் நின்றது. இரண்டு மணிக்கு அந்த மேனேஜரே மறுபடி கூப்பிட்டார். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. "என்ன பண்ணா நகரும், சொல்லுங்க" என்றார். சொன்னேன். வந்ததும் டோக்கன் கொடுங்கள். வண்டி உள்ளே மைதானத்தில் நிற்கட்டும். டிரைவருக்குப் படுக்க ஒரு கூடம் கொடுங்கள். எட்டு மணி நேரம் கழித்து நம்பரைக் கூப்பிட்டால் ஒரே நகர்த்தலில் எடைமேடைக்கு வருவான்.

"யோசிக்கிறோம்" என்றார். நாலு மணிக்குச் சரி என்றார்.

ஜனவரி 27, திங்கள்

என் தண்டனை பதினைந்து நாளைக்கு முன்பே முடிந்துவிட்டது. சீரங்கனுக்கு இன்றுதான் முதல் லோடு. நான் பின்னால், அவன் முன்னால். வழி நெடுக அவன் வண்டியின் பின் விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

காலை ஆறரைக்கு ஆலை. வாசலில் வரிசை இல்லை. ரோடு காலியாக இருந்தது, எனக்கே இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம். அவனுக்கு டோக்கன் 22. எனக்கு 25, நடுவில் இரண்டு வண்டி புகுந்துவிட்டது. பழைய சாக்குக் கிடங்கைக் கூட்டிப் பெருக்கிக் கயிற்றுக் கட்டில்கள் போட்டிருக்கிறார்கள். மின்விசிறி ஓடுகிறது. உள்ளே நுழைந்தால் நாற்பது டிரைவர்கள் பட்டப்பகலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்கள். கன்னடத்துக்காரன், ஆந்திராக்காரன், நம் ஆட்கள் எல்லோரும். குறட்டையில் தகரக் கூரை அதிர்கிறது. சீரங்கன் தலை சாய்த்ததுதான் தெரியும், தூங்கிப் போய்விட்டான். நானும் மூக்குக் கருவியை மாட்டிக்கொண்டு படுத்தேன்.

மூன்று மணிக்கு நான் விழித்தபோது ஒலிபெருக்கியில் 22-ஐக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சீரங்கன் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். ஆலை குமாஸ்தா அட்டையோடு உள்ளே வந்து, "22 தூங்கறாரு. 23 போங்க" என்றார்.

23 ஒரு கன்னடத்துக்காரர், நரைத்த மீசை, எழுந்து முகம் கழுவித் தயாராக உட்கார்ந்திருந்தார். சீரங்கனைப் பார்த்தார், தோளில் இன்னும் இருந்த பட்டையைப் பார்த்தார். மறுபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"மலக்கொண்டிதானே, தூங்கறாரு. இருக்கட்டு. அவுரு எந்திரிச்சதும் அவுரு போகட்டு, அப்புறம் நானு" என்றார் அரைத் தமிழில்.

குமாஸ்தா 24-ஐப் பார்த்தார். 24 போர்வையை இழுத்து மூடிக்கொண்டது. என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். எடைமேடை காலியாக நின்றது. இருபத்தாறு வருசத்தில் முதல் தடவையாகத் தூங்குகிறவனை யாரும் முந்தவில்லை.

சீரங்கன் இன்னும் இருபது நிமிடம் தூங்கினான். நான் அவனை எழுப்பவில்லை. எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, அவன் கால்மாட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன்.